எலிமினேஷன் டயட்டில் இருப்பவர்கள் பாக்கெட் லேபிளை எப்படிப் படிக்கிறீர்கள்? (ஐபிஎஸ், லோ ஃபாட்மேப்)

டிகாஷன்பிரியை (இழை தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வயிற்று உப்புசம், வலி, ஒரு வாரம் மலச்சிக்கல், அடுத்த வாரம் பேதி என்று ரொம்ப காலமாக அவதி. கேஸ்ட்ரோ டாக்டர் பரிசோதனைகளை எல்லாம் முடித்துவிட்டு ஐபிஎஸ் (எரிச்சலுறும் குடல் நோய்க்குறி) என்றார். அவர் அனுப்பிய டயட்டீஷியன் லோ ஃபாட்மேப் எலிமினேஷன் டயட் கொடுத்திருக்கிறார். ஃபாட்மேப் என்றால் குடல் சரியாக உறிஞ்சாத சில சர்க்கரை வகைகள், அவற்றைக் குறைத்துச் சாப்பிடும் முறை இது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்புகளில் பெரும்பாலானவை, மாம்பழம், ஆப்பிள், தேன் எல்லாம் இப்போதைக்கு நிறுத்தம். சில வாரம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுச் சமையலை மாற்றிக்கொண்டேன், அது சமாளிக்கக்கூடியதுதான். பாக்கெட் சாமான்தான் குழப்புகிறது. பின்பக்கம் தடித்த எழுத்தில் "கன்டெய்ன்ஸ் வீட், மில்க், சோயா" என்று ஒரு வரி இருக்கிறதே, அதில் எனக்கு ஆகாதது எதுவும் இல்லை என்றால் தாராளமாக வாங்கலாமா? ஐஎன்எஸ் 627, 631 மாதிரி சேர்க்கைப் பொருள் எண்களையும் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

இன்னொன்று. ஃபில்டர் காபியை என்னால் விட முடியாது. பாலை மாற்றிவிட்டேன். பொடியில் ஏதாவது பார்க்க வேண்டியது இருக்கிறதா?

மளிகை வாங்கி வருவது பெரும்பாலும் என் மாமியார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

---

வைகைக்கரை

இதற்கு ஏன் இவ்வளவு சிரமம் தங்கச்சி? பாக்கெட்டையே தொடாமல் இருந்தால் முடிந்தது. சோறு, ரசம், ஒரு காய், தேங்காய்ச் சட்னி. நம் பாட்டிமார் எந்த லேபிளைப் படித்தார்கள்?

---

சிறுவாணி

வைகைக்கரை அண்ணா, நீங்கள் சொன்ன அந்த ரசத்திலேயே பெருங்காய டப்பா ஒன்று, ரசப்பொடி பாக்கெட் ஒன்று என்று இரண்டு லேபிள் இருக்கின்றன. காபிப் பொடி, எண்ணெய், இட்லிப் பொடி, சேமியா எல்லாமே இன்று உறையில்தான் வீட்டுக்குள் வருகின்றன. லேபிள் படிக்காமல் எலிமினேஷன் டயட் இருக்க முடியாது.

டிகாஷன்பிரியை, நான் ஒரு சிறிய மசாலா நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவள். லேபிள் எப்படித் தயாராகிறது என்று தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தத் தடித்த வரி. அது உங்களுக்காக எழுதப்பட்டதே அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதிகளின்படி அலர்ஜி தரும் பொருட்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற, குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், நிலக்கடலை, பாதாம் முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, பால், கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்ஃபைட். இவ்வளவுதான். வெங்காயமும் பூண்டும் அதில் இல்லை. கொண்டைக்கடலை இல்லை. நார்ச்சத்தாகச் சேர்க்கும் இன்யூலின் இல்லை. ஆகவே அந்த வரி காலியாக இருக்கும் ஒரு பாக்கெட் முழுக்கப் பூண்டுப் பொடியாகக் கூட இருக்கலாம், சட்டப்படி அதில் குறையே இல்லை. நீங்கள் படிக்க வேண்டியது அதற்கு மேலே சின்ன எழுத்தில் இருக்கும் "இன்கிரீடியன்ட்ஸ்" பட்டியலை, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை.

அந்தப் பட்டியல் எடையில் அதிகமானது முதலில் என்ற வரிசையில் இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம். உப்புக்குப் பின்னால் வரும் எல்லாமே உப்பை விடக் குறைவு. உப்பு எவ்வளவு என்பதை ஊட்டச்சத்து அட்டவணையின் சோடியம் வரியே சொல்லிவிடும். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் சோடியம் என்றால் உப்பு அதிகபட்சம் 1.5 கிராம். அப்படியானால் உப்புக்குப் பின்னால் வரும் கோதுமை மாவோ கடலை மாவோ ஒவ்வொன்றும் 1.5 சதவீதத்துக்குள்தான். ஒரு கைப்பிடி தின்றால் வயிற்றுக்குள் போவது அரை கிராம் கூட இருக்காது. லோ ஃபாட்மேப்பில் அது பெரும்பாலும் பொருட்டில்லை, ஏனென்றால் இந்த உணவுமுறை அளவைப் பொறுத்தது.

இந்தச் சலுகையை வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி, இன்யூலின் மூன்றுக்கும் கொடுக்காதீர்கள். ஃப்ரக்டான் என்ற ஃபாட்மேப் வகை செறிந்து கிடப்பவை அவை. காய்ந்த பொடி என்றால் தண்ணீர் போய்ச் சாரம் மட்டும் நிற்கிறது. பட்டியலின் வாலில் இருந்தாலும் எலிமினேஷன் காலத்தில் அந்தப் பாக்கெட்டை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

எண்களைப் பொறுத்தவரை 621, 627, 631 எல்லாம் சுவைகூட்டிகள், ஃபாட்மேப் அல்ல. அவற்றைக் கண்டால் பயம் வேண்டாம். ஆனால் 627, 631 இருக்கும் மசாலாவில் வெங்காய, பூண்டுப் பொடியும் கூடவே இருப்பது வழக்கம், அதனால் பட்டியலை இன்னொரு முறை மெதுவாகப் படியுங்கள். 322 என்பது லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது. அது கொழுப்புப் பொருள், உங்களுக்குத் தொந்தரவில்லை. நீங்கள் மனதில் வைக்க வேண்டிய எண்கள் 420, 421, 953, 965, 966, 967. இவை சார்பிடால், மானிடால் வகையறா, குடல் சரியாக உறிஞ்சாத இனிப்புகள்.

காபியைப் பற்றி அரசலாறு எழுதினால் நன்றாக இருக்கும், அவர் வீட்டிலேயே காபிப் பொடி வியாபாரம்.

---

மல்லிப்பூ77

நான் வேறு காரணத்துக்காக இதே வேலையைச் செய்தவள். மகனுக்குப் பால் புரத அலர்ஜி. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் டாக்டர் என்னைப் பாலை அறவே நிறுத்தச் சொன்னார். எனக்கு அந்தத் தடித்த வரிதான் உயிர்நாடியாக இருந்தது. சிறுவாணி அக்கா சொல்வது டிகாஷன்பிரியையின் டயட்டுக்குச் சரி. வேறு டயட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அந்த வரியைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பால் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. பிரெட், ரஸ்க், சிப்ஸ் மேல் தூவும் மசாலா, சூப் பாக்கெட். "மில்க் சாலிட்ஸ்", "வே பவுடர்", "கேசினேட்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் பால்தான். "நான் டெய்ரி" என்று முன்பக்கம் போட்ட கிரீமர் பொடியின் பின்பக்கத்தில் சோடியம் கேசினேட் இருந்தது. கேசின் பால் புரதமேதான். தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்களுக்கென்றே விற்கும் சத்துப் பொடிகளில் பெரும்பாலானவை பால் பொடியில் செய்தவை, அதைக் குடித்துக்கொண்டே பால் விலக்கு இருப்பதில் அர்த்தமே இல்லை.

பச்சைப் புள்ளியும் இதற்கு உதவாது. அது சைவம் என்று மட்டுமே சொல்லும், பாலும் நெய்யும் அதில் அடக்கம். 2022 முதல் தனி வீகன் முத்திரை வந்திருக்கிறது. அது இருந்தால் தேடும் வேலை பாதியாகக் குறையும், ஆனாலும் "மே கன்டெய்ன்" வரியைப் படிக்காமல் வாங்க மாட்டேன்.

---

அரசலாறு

கூப்பிட்டதற்கு நன்றி. கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காபிக் கொட்டை வறுத்து அரைக்கிறோம்.

டிகாஷன்பிரியை அம்மா, நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே ஒரு சொல், சிக்கரி. அது ஒரு வேர். அந்த வேரில் அதிகம் இருப்பது இன்யூலின், அதாவது நீங்கள் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் எதற்காகப் பயப்படுகிறீர்களோ அதே குடும்பம். பிஸ்கட்டிலும் சத்துமாவிலும் "டயட்டரி ஃபைபர்" என்று சேர்க்கும் இன்யூலினைச் சிக்கரி வேரிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். வறுக்கும்போது அதில் ஒரு பங்கு சிதைந்து போகும், மிச்சம் வெந்நீரில் கரைந்து டிகாஷனில் இறங்கும்.

நல்ல வேளையாக இதை யாரும் மறைக்க முடியாது. கலவைப் பொடி என்றால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று உறை மேல் போட்டே ஆக வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதாவது சிக்கரி 49 வரை போகலாம். கடைகளில் 80க்கு 20, 70க்கு 30, 60க்கு 40 என்றெல்லாம் கிடைக்கும். இன்ஸ்டன்ட் பொடியிலும் கலவை நிறைய உண்டு, முன்பக்கப் படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.

சிக்கரி இல்லாத சுத்தப் பொடி கேட்டு வாங்குங்கள். அரைக்கும் கடையில் "ப்யூர்" என்று சொன்னாலே புரியும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், சிக்கரிதான் டிகாஷனுக்குக் கருப்பு நிறமும் கெட்டித் தன்மையும் கொடுப்பது. அது இல்லாத பொடியில் அதே அளவு போட்டால் டிகாஷன் வெளுத்து நீர்த்து இறங்கும். பொடியைக் கொஞ்சம் கூட்டுங்கள், சற்று நைஸாக அரைத்துத் தரச் சொல்லுங்கள், ஃபில்டரில் பொடியை இன்னும் கொஞ்சம் அழுத்தி வையுங்கள். வெந்நீரை ஒரேயடியாக ஊற்றாமல் முதலில் பொடி நனையும் அளவு விட்டு, அது ஊறிய பிறகு மீதியை ஊற்றினால் முதல் டிகாஷன் நன்றாகவே கிடைக்கும். நாக்கு பழகச் சில நாள் பிடிக்கும். பழகிய பிறகு கொட்டையின் மணம் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

---

டிகாஷன்பிரியை

அரசலாறு ஐயா, மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. என் பொடியின் உறையைத் திருப்பிப் பார்த்தேன், 60க்கு 40 கலவை. நாளைக்கே சுத்தப் பொடி வாங்கிவிடுகிறேன்.

பாலுக்கு லாக்டோஸ் நீக்கிய பால் பாக்கெட் வாங்குகிறேன். கொஞ்சம் தித்திப்பாக இருக்கிறதே, சர்க்கரை சேர்த்திருப்பார்களா?

---

சிறுவாணி

சேர்த்திருக்க மாட்டார்கள், சந்தேகம் இருந்தால் பட்டியலைப் பாருங்கள். லாக்டேஸ் நொதியைப் பாலில் விட்டு லாக்டோஸை குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைத்துவிடுகிறார்கள். உடைந்த இரண்டும் லாக்டோஸை விடத் தித்திப்பு. அவ்வளவுதான்.

மல்லிப்பூ மாதிரி பால் புரதத்தை விலக்குகிறவர்கள் இந்தப் பாலைத் தொடவே கூடாது, புரதம் அப்படியே இருக்கிறது. நெய்யும் அப்படித்தான். அதில் லாக்டோஸ் இல்லாத மாதிரிதான், டிகாஷன்பிரியை தைரியமாக ஊற்றிக்கொள்ளலாம். பால் அலர்ஜிக்காரருக்கு அதுவும் கூடாது, துளிப் புரதம் போதும்.

---

கரிசல்காடு

பெருங்காயத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. என் மகளுக்கு சீலியாக், அதாவது குளூட்டன் ஆகாத குடல் நோய். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பாதிக்கு மேல் கோதுமை மாவு அல்லது மைதா! டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எலிமினேஷன் டயட்டில் இருக்கும் யாரும் பெருங்காயத்தைச் சமையலறைக்குள் விடாதீர்கள். சாம்பார் பொடி, ரசப்பொடி, ஊறுகாய், மோர் பாக்கெட், முறுக்கு எல்லாவற்றிலும் இது இருக்கிறது.

---

சிறுவாணி

கரிசல்காடு சார், உங்கள் மகளுக்கு நீங்கள் எடுக்கும் ஜாக்கிரதை நூற்றுக்கு நூறு சரி. சீலியாக்கில் கோதுமை துளி கூட ஆகாது. குளூட்டன் ஃப்ரீ என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது விதி. நீங்கள் அந்த அளவுகோலில் பார்க்கிறீர்கள்.

ஆனால் "யாரும் விடாதீர்கள்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பெருங்காயப் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கத்திலிருந்து வருகிறது. அதன் காரம் அப்படியே தாங்க முடியாது என்பதால் கருவேலம் பிசினும் ஏதாவது மாவும் சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்த மாவு கோதுமையாகவும் இருக்கலாம், அரிசியாகவும் இருக்கலாம், பட்டியலில் போட்டிருக்கும். டிகாஷன்பிரியைக்குப் பிரச்சினை கோதுமையில் உள்ள ஃப்ரக்டான், குளூட்டன் அல்ல. ஒரு பானை ரசத்துக்கு ஒரு சிட்டிகை பெருங்காயம், அதில் பாதி மாவு, அதை நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள். வயிறு கண்டுகொள்ளும் அளவே இல்லை. வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சாம்பார் வைக்கிறவருக்குப் பெருங்காயம்தான் கைகொடுக்கும், அதையும் பிடுங்கிக்கொண்டால் சாப்பாடே வெறுத்துவிடும்.

ஒரே டப்பா, ஒரே பட்டியல். உங்கள் மகளுக்கு ஆகாது, மல்லிப்பூவுக்குக் கவலையே இல்லை, டிகாஷன்பிரியைக்கு அளவு பார்த்து ஆகும். நாம் எதை விலக்குகிறோம் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தப் பெயர்களை மட்டும் லேபிளில் தேட வேண்டும். மற்றவர் பட்டியலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனால் தட்டில் வெறும் சோறு மட்டும்தான் மிஞ்சும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படி விலக்கி விலக்கி எடை குறைந்து நடக்கத் தெம்பில்லாமல் போனார்.

---

கரிசல்காடு

சரி, ஒத்துக்கொள்கிறேன். என் பயம் அப்படி. அரிசி மாவு போட்ட பெருங்காயம் கிடைத்தால் எல்லோருக்குமே நல்லதுதானே.

இன்னொன்று முக்கியம். டிகாஷன்பிரியை, கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் சீலியாக் ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா? டிடிஜி ஐஜிஏ என்பார்கள். கோதுமையை நிறுத்திப் பல வாரம் ஆன பிறகு எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடக்கூடும். இது தெரியாமல் நிறையப் பேர் முதலில் டயட்டை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

---

டிகாஷன்பிரியை

எடுத்தாயிற்று சார், இல்லை என்று வந்தது. டாக்டர் அதை முடித்துவிட்டுத்தான் டயட்டுக்கே அனுப்பினார்.

அப்படியானால் குளூட்டன் ஃப்ரீ என்று போட்ட ஆட்டா எனக்குச் சரிதானே? சப்பாத்திக்கு ஏங்குகிறது.

---

சிறுவாணி

பின்பக்கம் பார்க்காமல் வாங்காதீர்கள். கோதுமைக்குப் பதில் கடலை மாவும் சோயா மாவும் சேர்த்த குளூட்டன் ஃப்ரீ ஆட்டா உண்டு. சீலியாக்குக்கு அது சரி, உங்களுக்கு ஆகாது, பருப்பு வகையில் வேறொரு ஃபாட்மேப் இருக்கிறது. அரிசி, சோளம், மக்காச்சோளம் மட்டும் உள்ளதாகத் தேடுங்கள்.

"ராகி", "மல்டிகிரெய்ன்" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டவற்றையும் இப்படியே பாருங்கள். ராகி பிஸ்கட்டிலும் ராகி சேமியாவிலும் முதல் பொருள் கோதுமை மாவாக இருப்பது சாதாரணம். பெயரில் ஒரு பொருளை முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும் என்பது விதி. அடைப்புக்குள் அந்த எண் இருக்கும். ராகி 20 சதவீதம் என்றால் மீதி 80 என்ன என்று பட்டியலைக் கேளுங்கள்.

---

நெல்லைச்சீமை

எனக்கு சுகர், கூடவே ஐபிஎஸ். சர்க்கரை இல்லாத இனிப்பு, சர்க்கரை இல்லாத சூயிங்கம், புதினா மிட்டாய் எல்லாவற்றிலும் சிறுவாணி சொன்ன எண்கள்தான். 965 மால்டிடால் போட்ட சாக்லேட் தின்றால் எனக்கு அன்றைக்கு வெளியே போக முடியாது. இவை 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பேதி ஆகலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பார்க்க வேண்டும்.

மருந்தையும் விடாதீர்கள். இருமல் டானிக், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் திரவ மருந்து பலவற்றில் சார்பிடால் இருக்கிறது. வயிற்றுக்கு நல்லது என்று கொடுக்கும் ப்ரோபயாடிக் சாஷேயில் "எஃப்ஓஎஸ்" என்று இருந்தால் அதுவும் ஃப்ரக்டான் வகை. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

---

லண்டன்_யாழ்

இந்த இழையைக் கண்டது சந்தோஷம். இங்கே எனக்கும் ஐபிஎஸ்தான், மருத்துவமனை டயட்டீஷியன் மூலம் இதே உணவுமுறை. இந்த முறையை உருவாக்கியது ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் இருக்கிற மோனாஷ் பல்கலைக்கழகத்து ஆட்கள். அவர்களின் கைபேசிச் செயலியில் உணவுகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு மாதிரி அளவோடு போட்டிருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் எனக்கு வலு பிரயோசனமாக இருந்தது. அவர்களே பரிசோதித்துச் சான்று கொடுத்த பாக்கெட்டுகள் இங்கே கடைகளில் கிடைக்கும்.

பிரித்தானியாவில் 14 அலர்ஜிப் பொருட்களைப் பட்டியலுக்குள்ளேயே தனித்துத் தெரியும்படி, பெரும்பாலும் தடித்த எழுத்தில், போட வேண்டும். எள்ளும் கடுகும் அதில் உண்டு, இந்தியப் பட்டியலில் அவை இரண்டும் இல்லை. எள் அலர்ஜி இருக்கிறவர்கள் ஊரிலிருந்து வரும் பொடியை வாங்கும்போது கவனிக்க வேண்டும். வெங்காயமும் உள்ளியும் (பூண்டு) இங்கேயும் அந்த 14க்குள் வராது, முழுக்க வாசித்துத்தான் ஆக வேண்டும்.

யாழ்ப்பாணக் கறித்தூளை நான் வீட்டிலேயே வறுத்து இடிக்கிறேன். மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. வாங்கினால் சில தூளில் உள்ளியும் சேர்ந்து வருகிறது.

---

டிகாஷன்பிரியை

நேற்று இரண்டு பாக்கெட்டை எடுத்து வைத்து உட்கார்ந்து படித்தேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று சொல்லுங்கள்.

ஒன்று மசாலா ஓட்ஸ். ஓட்ஸ், அதற்கப்புறம் காய்ந்த காய்கறி என்று அடைப்புக்குள் கேரட், பட்டாணி, ஆனியன். அப்புறம் மசாலா என்று இன்னொரு அடைப்பு, அதில் ஆனியன் பவுடர், கார்லிக் பவுடர். இது கூடாது.

இன்னொன்று அரிசி முறுக்கு. அரிசி மாவு, பாமாயில், உளுந்து மாவு, வெண்ணெய், உப்பு, எள், "ஸ்பைசஸ் அண்ட் காண்டிமென்ட்ஸ்". அந்தக் கடைசி வார்த்தைக்கு அடைப்பே இல்லை. இதை என்ன செய்வது?

---

சிறுவாணி

நன்றாகவே படித்திருக்கிறீர்கள். வெண்ணெயில் லாக்டோஸ் சொற்பம், உளுந்து மூன்றாவது இடத்தில் இருப்பதால் நாலைந்து முறுக்கோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

அந்தக் கடைசி வார்த்தைதான் வில்லங்கம். மசாலாச் சாமான்களைத் தனித்தனியாகச் சொல்லாமல் இப்படி ஒரே பெயரில் போட விதி இடம் கொடுக்கிறது. அதே மாதிரி, பல பொருள் சேர்ந்த ஒரு கலவை மொத்த எடையில் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு ஓட்டையும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அலர்ஜிக்காரருக்கு ஒரு வரி கட்டாயம் என்று ஆக்கியவர்கள், வெங்காயம் பூண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்லவும் ஒரு வரி வைக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த நாட்டில் ஐபிஎஸ்காரர்கள் மட்டுமல்ல, விரதம் இருக்கிறவர்களும் உண்டு, பூண்டே தொடாத குடும்பங்களும் உண்டு.

அடைப்பு இல்லாத மசாலாவைக் கண்டால் எலிமினேஷன் காலத்தில் வேண்டாம் என்பதே என் முடிவு. ரொம்ப விருப்பமான பண்டம் என்றால் உறையில் வாடிக்கையாளர் தொடர்பு விவரம் கட்டாயம் இருக்கும், கூப்பிட்டுக் கேளுங்கள். "மசாலாவில் வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி உண்டா" என்று நேராகக் கேளுங்கள், "உங்கள் பொருள் நல்லதா" என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி அழைப்பு வந்தால் கலவைத் தாளை எடுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்வோம்.

இன்னொரு குறுக்குவழி, "ஜெயின்" என்று போட்ட பாக்கெட். வெங்காயம், பூண்டு இருக்காது. ஆனால் அந்த வகையில் கடலை மாவு நிறைய, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மல்லிப்பூ77

ஒரு தரம் படித்து "சரி" என்று முடிவு செய்த பாக்கெட்டையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் திருப்பிப் பாருங்கள். உறை அதேபோல இருக்கும், உள்ளே கலவையை மாற்றியிருப்பார்கள். ஆன்லைனில் வாங்கினால் அங்கே இருக்கும் பின்பக்கப் படம் பழையதாக இருக்கலாம், கைக்கு வந்த பிறகு படித்துவிட்டுப் பிரியுங்கள்.

அப்புறம் மாமியார் விஷயம். லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் விதி, தமிழ் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் விற்கும் பொருளின் லேபிளை இங்கே இருக்கிற பெரியவர்கள் படிக்க முடியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். என் அம்மாவுக்காக நான் ஒன்று செய்தேன். வேண்டாத சொற்களைப் பாக்கெட்டில் இருக்கிற மாதிரியே ஆங்கில எழுத்தில் பெரிதாக ஒரு அட்டையில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டுப் பர்ஸில் வைத்துக் கொடுத்தேன். எழுத்தின் உருவத்தை ஒப்பிட்டுப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவார். சின்ன எழுத்தாக இருந்தால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார், சந்தேகமாக இருந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "வாங்கலாம்" என்று முடிவான பாக்கெட்டுகளின் முன்பக்கப் படங்களும் அவர் கைபேசியில் தனியாக இருந்தன.

---

வைகைக்கரை

படித்துக்கொண்டே வருகிறேன். காபிப் பொடியில் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சிறுவாணி தங்கச்சி, ஒரு சந்தேகம். பூண்டு ஊறுகாயின் எண்ணெயை மட்டும் எடுத்துத் தொட்டுக்கொள்ளலாமா? ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது என்று எங்கேயோ கேட்டேன்.

---

சிறுவாணி

கேட்டது சரி அண்ணா. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் முழுப் பூண்டுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் வரும், தொந்தரவு வராது. ஊறுகாயில் அது செல்லாது. பூண்டு விட்ட தண்ணீர், உப்பு, புளிக்கரைசல் எல்லாம் எண்ணெயோடு கலந்து நிற்கிறது, கூடவே அரைத்த பூண்டும் இருக்கும். தாளிக்கும் வழியில் மட்டும் செய்யுங்கள், அந்த எண்ணெயையும் அன்றன்றைக்கு மட்டும் செய்து தீர்த்துவிடுங்கள், பூண்டு எண்ணெயை வெளியே வைத்திருப்பது ஆபத்து.

---

டிகாஷன்பிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியாருக்கு அட்டை தயார். கடைசியாக ஒன்று. திரும்பச் சேர்க்கும் கட்டம் வரும்போது பாக்கெட் பொருளை வைத்தே சோதிக்கலாமா? உதாரணமாகப் பூண்டுக்கு, பூண்டு முறுக்கு?

---

லண்டன்_யாழ்

வேண்டாம். என் டயட்டீஷியன் இதைத்தான் முதலில் சொன்னவர். பூண்டு முறுக்கில் பூண்டோடு கடலை மாவும் இருக்கும், வெங்காயமும் இருக்கும். வயிறு ஊதினால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான், மற்றச் சாப்பாடு எல்லாம் எலிமினேஷனில் இருந்தது போலவே இருக்க வேண்டும். பூண்டு என்றால் பூண்டுப் பல், பாலுக்குச் சாதாரணப் பால், கோதுமைக்கு எளிய சப்பாத்தி. மூன்று நாள், முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. நடுவில் வயிறு குழம்பினால் அங்கேயே நிறுத்தி, அடங்கின பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

---

சிறுவாணி

அதோடு சேர்த்து, ஆகும் என்று தெரிந்த பொருளை அட்டையிலிருந்து உடனே அடித்துவிடுங்கள். பூண்டு ஆகாமல் வெங்காயம் ஓரளவு ஆகிற வயிறும் உண்டு, கோதுமை முழுக்க ஆகிற வயிறும் உண்டு. கோதுமை உங்களுக்கு ஒத்துக்கொண்டால் பெருங்காய டப்பாவையும் சேமியாவையும் திருப்பிப் பார்க்கும் வேலை அன்றோடு முடிந்தது. சிக்கரியைத் தனியாகச் சோதிக்க வேண்டுமானால் கடைசியில் வையுங்கள், அரசலாறு ஐயாவிடம் 80க்கு 20 கேட்டு வாங்கி மூன்று நாள் குடித்துப் பாருங்கள்.